பக்கீரப்பாவின் இடது சிறுநீரகம்

ஹொசகல்லு மத்தியச் சிறையில் ரத்தம் கொடுப்பதைப் போலச் சுலபமான காரியம் வேறு கிடையாது. பருப்பில் உப்பு இல்லை என்று சொல்ல வேண்டுமானால்கூட அங்கே முறைப்படி மனு எழுத வேண்டும். ரத்தத்துக்கு அதெல்லாம் வேண்டாம். சுதந்திர தினத்தன்றும் காந்தி ஜெயந்தியன்றும் மைதானத்தில் பந்தல் போட்டுவிடுவார்கள். ஒரு மந்திரி வருவார், அவருக்குத் தோதுப்படாவிட்டால் அவருடைய மைத்துனர் வருவார். கைதி படுத்துக் கையை நீட்டினால் போதும். ஒரு வாழைப்பழம், ஒரு பொட்டலம் பிஸ்கட், தண்டனையில் ஒரு மாதக் குறைப்பு. ஆயுள் கைதி பக்கீரப்பா உள்ளே வந்த நாளிலிருந்து ஒரு பந்தலையும் விட்டதில்லை. அவனுடைய ரத்தம் ஜில்லாவில் எத்தனையோ பேர் உடம்பில் சுதந்திரமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதை யாரும் பிடித்துக்கொண்டு வந்ததில்லை.

ஆகவே, அக்காவுக்கு ஒரு சிறுநீரகம் கொடுக்க வேண்டும் என்று தெரிந்தபோது அவன் பெரிதாக யோசிக்கவில்லை. ரத்தம் கொடுத்தது போல இதையும் கொடுத்துவிடலாம் என்று நினைத்தான். பாவம், விவசாயி.

அக்கா நீலவ்வாதான் அவனை வளர்த்தவள். அம்மா செத்தபோது அவனுக்கு நடை பழகவில்லை. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே மிளகாய்க் காட்டுக்குக் கூலிக்குப் போனாள். பிற்காலத்தில் அவன் வரப்புத் தகராறில் பங்காளியை மண்வெட்டிக் காம்பால் அடித்து, பங்காளி எழுந்திருக்காமலே போய், இவன் உள்ளே வந்தான். அன்றிலிருந்து மாதம் ஒரு முறை சோள ரொட்டியும் கடலைச் சட்னிப் பொடியும் கட்டிக்கொண்டு வந்தவளும் அவள் ஒருத்திதான். அந்த மாதம் வந்தபோது அவள் முகம் ஊதிப்போயிருந்தது.

"என்னக்கா, மூஞ்சி இப்படி வீங்கியிருக்கு?"

"கிட்னி ரெண்டும் போயிருச்சாம்டா. வாரத்துக்கு ரெண்டு தடவ ஜில்லா ஆஸ்பத்திரில மெஷின்ல போட்டு ரத்தத்தக் கழுவி விடறாங்க. என்னவோ அழுக்குத் துணி கணக்கா."

"வேற மாத்தி வைக்க முடியாதாமா?"

"கூடப் பொறந்தவங்க குடுத்தா வைக்கலாமாம். தம்பி யாராச்சும் இருக்கானான்னு டாக்டர் கேட்டாரு. இருக்கான், ஆனா சர்க்காருகிட்ட இருக்கான்னேன்."

"என்கிட்ட ரெண்டு இருக்குல்ல? ஒண்ண எடுத்துக்க. இங்க சும்மாதான கெடக்கு."

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவள் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டாக்டர்கள் வந்து அவன் ரத்தத்தை எடுத்துப் போய்ப் பார்த்தார்கள். அச்சாகப் பொருந்தியது. ஒரு வருஷத்துக்குள் செய்துவிடுங்கள், அதற்கு மேல் அந்த அம்மாவின் இதயம் தாங்காது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பக்கீரப்பா மனு கொடுத்தான்.

சிறைக் கண்காணிப்பாளர் சங்கமேஷ் அங்கடி மனுவைப் படித்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். ஒரு கைதி எதிரில் அவர் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை. வந்து பக்கீரப்பாவின் தோளில் கை போட்டார். போட்டோக்காரருக்கு ஏற்கெனவே ஆள் போயிருந்தது.

"இது உன் கிட்னின்னு நெனச்சுக்காதப்பா. இது நம்ம ஜெயிலோட கிட்னி. ஒம்பது வருஷமா யாரு போட்ட ரொட்டில வளந்துச்சு? யாரு குடுத்த தண்ணிய வடிகட்டுச்சு? நம்ம ராஜ்ஜியத்துலயே ஒரு கைதி கிட்னி குடுக்கறது இதுதான் மொதத் தடவ. அதுவும் யாரு காலத்துல? என் காலத்துல. வர்ற வருஷம் எனக்கு ஜனாதிபதி மெடல் வரலேன்னா என்னன்னு கேளு."

"எப்ப எடுப்பாங்க, சாகேப்?"

"மெடலா?"

"கிட்னிங்க."

"அது கெடக்கட்டும், எடுத்துரலாம். இப்ப கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி நில்லு. சிரி."

ஒரு வாரத்தில் சிறை வாசலில் துணிப் பதாகை ஏறியது. 'சிறுநீரகம் தந்த சிறைப் பறவை' என்று கொட்டை எழுத்தில் போட்டு, நடுவில் அங்கடியின் படம் பெரிதாகவும் மூலையில் பக்கீரப்பாவின் படம் சின்னதாகவும் இருந்தன. சிறுநீரகம் இரண்டும் அப்போது பக்கீரப்பாவின் உடம்பில்தான் இருந்தன. பதாகைக்கு அது தெரியாது.

பதாகையின் படம் பெங்களூர் தலைமை அலுவலகத்துக்குப் போனதுதான் வினை. அங்கிருந்து சட்ட அதிகாரி வைஜயந்தி தேஷ்பாண்டே காரில் வந்து இறங்கினார். நல்ல படிப்பு, நல்ல குரல், எதையும் கேள்வியாகவே கேட்கும் பழக்கம். பக்கீரப்பாவை நிற்க வைத்து, அவனுக்குப் பக்கத்தில் அங்கடியையும் நிற்க வைத்தார்.

"ஆயுள் தண்டனை யாருக்கு?"

"பக்கீரப்பாவுக்கு, மேடம்" என்றார் அங்கடி.

"பக்கீரப்பான்னா எதுவரைக்கும்? தலையிலேருந்து கால் வரைக்கும் தான? தீர்ப்புல எங்கயாவது 'இடது கிட்னி நீங்கலாக'ன்னு ஜட்ஜு எழுதியிருக்காரா?"

"இல்லீங்க மேடம்."

"அப்ப ஆயுள் தண்டனை அனுபவிக்கிற ஒரு கிட்னிய எந்த உத்தரவுல வெளிய அனுப்பப் போறீங்க?"

பக்கீரப்பா தயங்கித் தயங்கி வாயைத் திறந்தான். "வருஷத்துக்கு ரெண்டு தடவ ரத்தம் வெளிய போகுதுங்களே?"

"ரத்தம் திரவம். திரவத்துக்குத் தண்டனை கெடையாது. கிட்னி உறுப்பு. அது போனா பரோல்லதான் போகணும். பரோல்ல போனா திரும்பி வரணும். உன் கிட்னி திரும்பி வருமா?"

"எங்கக்கா உசுரோட இருக்கற வரைக்கும் வராதுங்க."

"எழுதிக்கோங்க. திரும்பி வர்ற எண்ணம் இல்லேன்னு கைதியே ஒத்துக்கறான்."

அன்று இரவு ரொட்டி தின்னும்போது பக்கீரப்பா இதைக் கொட்டடிக் கூட்டாளி கொட்ரேஷியிடம் சொன்னான். கொட்ரேஷி உள்ளே வருவதற்கு முன் ஊர் ஊராகப் போகும் நாடகக் கம்பெனியில் கோமாளி வேஷம் கட்டியவன். நடிப்பதற்குச் சிறையில் அதிக விஷயம் இல்லாததால், இருப்பவர்களைக் கிண்டல் செய்தே காலத்தை ஓட்டினான்.

"உன்ன உள்ள வச்சிருக்கறது சர்க்காரு. உன் கிட்னிய உள்ள வச்சிருக்கறது நீ. ஒரே தொழில்ல ரெண்டு பேரு. சர்க்காருக்குப் பொறாமடா" என்றான்.

பெங்களூரில் மூன்று மாதம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சிறுநீரகத்துக்கு நிரந்தரப் பரோல் கொடுக்கலாம், நீலவ்வா ஜாமீன் நிற்க வேண்டும். பரோல் கைதி வாரம் ஒரு முறை ஊர்க் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. சிறுநீரகத்துக்குக் கையெழுத்து வராது என்பதை அதிகாரிகள் பெரிய மனசு பண்ணி ஒப்புக்கொண்டார்கள். அதன் சார்பில் நீலவ்வா கைநாட்டு வைக்கலாம் என்று சலுகை தந்தார்கள். ஒழுங்காக வருகிறாளா என்று பார்ப்பதற்காக, சிறுநீரகம் போவதற்கு முன்பிருந்தே அவள் வந்துபோக வேண்டும் என்றார்கள்.

அடுத்த முறை வந்த நீலவ்வா பேசுவதற்கே மூச்சு வாங்கினாள்.

"செவ்வாய்க்கிழம மெஷினு, வெள்ளிக்கிழம மெஷினு, திங்கக்கிழம ஸ்டேஷனு. அந்தப் படியேறதுக்குள்ள எனக்குக் கண்ணு இருட்டுதுடா. 'கைதி எங்கம்மா?'ன்னு கேக்கறாரு அந்த சப்-இன்ஸ்பெக்டரு. இன்னும் வரலீங்கன்னேன். 'அப்ப தலைமறைவா?'ங்கறாரு."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்ல? வந்ததும் நேரா உங்ககிட்ட கூட்டியாறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் பக்கீரப்பாவுக்கு வலையைப் பிய்த்து எறியலாம் போலிருந்தது.

பரோல் விஷயம் ஒருவழியாக முடிந்தது என்று நினைத்த வேளையில், தேஷ்பாண்டே அம்மையார் மறுபடியும் வந்து இறங்கினார். இந்த முறை அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

"பக்கீரப்பா, உடம்புலேருந்து எதத் தானம் பண்ணினாலும் கைதிக்குத் தண்டனைக் குறைப்பு உண்டு. இது ஜெயில் விதி. கிட்னி குடுத்தா எந்தக் கைம்மாறும் வாங்கக் கூடாது. இது நாட்டோட சட்டம். நீ கிட்னி குடுத்தா உனக்குக் குறைப்புத் தானா வந்துரும். வந்துட்டா அது கிட்னி வியாபாரம். வியாபாரம்னா உனக்கும் ஜெயிலு, உங்கக்காவுக்கும் ஜெயிலு."

"எனக்குக் குறைப்பே வேண்டாம் மேடம். நான் இங்கயே கெடந்துட்டுப் போறேன்."

"வேண்டாம்னு சொல்ல விதி இல்லையேப்பா. அது உன் உரிமை. கைதியோட உரிமையப் பறிக்க இந்த நாட்டுல எவனுக்கும் அதிகாரம் கெடையாது. நாங்க இருக்கறதே அதப் பாதுகாக்கத்தான்."

தன்னுடைய உரிமை இவ்வளவு பத்திரமாக இருக்கிறது என்று பக்கீரப்பாவுக்கு அதுவரை தெரியாது. உரிமை பத்திரமாக இருந்தது. அக்காவின் கால்தான் யானைக்கால் போல வீங்கிக்கொண்டு போனது.

அங்கடிக்கு மெடல் கனவு விடவில்லை. ஒரு குழு அமைத்தார். குழு கிர்மிட் என்ற காரப் பொரியும் மிளகாய் பஜ்ஜியும் தின்றுகொண்டு யோசித்தது. குறைப்பைத் தடுக்க முடியாது, சரி. ஆனால் சிறைக்குள் குற்றம் செய்தால் தண்டனை கூடுமே? குறைப்புக்குச் சமமாக ஒரு குற்றத்தைக் கைதி செய்துவிட்டால் இரண்டும் கழிந்து கைம்மாறு இல்லாமல் போய்விடும் அல்லவா? குழு எழுந்து நின்று ஒருவருக்கொருவர் கை கொடுத்துக்கொண்டது. பிறகு, ஒரு சிறுநீரகம் எத்தனை மாதக் குறைப்புக்குச் சமம் என்ற கேள்வி வந்தது. ரத்தம் ஊறும், சிறுநீரகம் ஊறாது என்றார் ஒருவர். இன்னொன்று மீதி இருக்கிறதே என்றார் மற்றவர். மூன்று கூட்டமும் பல தட்டு பஜ்ஜியும் ஆன பிறகு ஆறு மாதம் என்று முடிவாயிற்று. ஆறு மாதம் கூடக்கூடிய குற்றம் எது என்று பார்த்தார்கள். அதிகாரியை எல்லோர் முன்பும் அவமதிப்பது சரியாக வந்தது.

பக்கீரப்பாவை அங்கடி தனியாகக் கூப்பிட்டார். "திங்கக்கிழம அணிவகுப்புல நீ என்னத் திட்டணும். ஆனா நான் சொல்லித்தான் திட்டினேன்னு வெளிய சொன்ன, தொலச்சுருவேன்."

"என்னன்னு திட்டறதுங்க, சாகேப்?"

"அத நான் சொல்லலாமா? நீயா யோசி. குடும்பத்த இழுக்காத. மத்தபடி தாராளமாத் திட்டு."

பக்கீரப்பாவுக்குத் திட்ட வராது. கோபம் வந்தால் கைதான் முந்தும், அதனால்தான் அவன் அங்கே இருந்தான். கொட்ரேஷி இரண்டு நாள் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தான். நாடகத்தில் ராஜா மந்திரியை ஏசும் வசனம்.

திங்கட்கிழமை எல்லோரும் வரிசையில் நின்றபோது பக்கீரப்பா முன்னால் வந்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான். "ஏ துராத்மா! நன்றி கெட்ட நரியே! உன் சிரத்தைக் கொய்து கோட்டை வாசலில்..." கைதிகள் கொல்லென்று சிரித்தார்கள். அங்கடி முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, மேலே சொல் என்பது போலத் தலையை லேசாக ஆட்டினார். பக்கத்தில் நின்ற வார்டர் த்யாமண்ணா குற்றத்தை மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார்.

கோட்டை வாசலுக்கு அப்புறம் வசனம் மறந்துபோயிற்று. பக்கீரப்பா முழித்தான். வாசலில் தொங்கிய பதாகையின் பின்பக்கம் அவன் கண்ணில் பட்டது. பிறகு அவன் பேசியது கொட்ரேஷி சொல்லிக் கொடுத்ததில்லை.

"எங்கக்கா மூச்சு வாங்கிக்கிட்டு ஸ்டேஷன் படி ஏறறா. இங்க நீங்க பஜ்ஜி தின்னுக்கிட்டு என் கிட்னிக்கு விலை போடறீங்க. ரத்தம் உறிஞ்சறப்ப ஒருத்தனாவது சட்டம் பேசினீங்களா? ஒரு மந்திரி வந்து நின்னு பல்லக் காட்டினா போதும், எங்க உடம்பு உங்களுக்குப் பொதுக் கொழா. என் அக்காவுக்குன்னு கேட்டா மட்டும் தலையிலேருந்து கால் வரைக்கும் சர்க்காரு சொத்து. இதே கிட்னி உனக்கு வேணும்னா, அங்கடி சாகேப், இந்நேரம் ஆம்புலன்ஸ் வாசல்ல நின்னுருக்கும். நீயே வண்டி ஓட்டியிருப்ப!"

யாரும் சிரிக்கவில்லை. த்யாமண்ணா எழுதுவதை நிறுத்திவிட்டார். அங்கடியின் முகம் கறுத்துப்போயிற்று. அவர் உள்ளே போய்விட்டார்.

பத்து நாள் கழித்து அவனைக் கூப்பிட்டார்கள். அங்கடி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "ஆறு மாசம் கூடியாச்சு. கணக்குச் சரியாப் போச்சு. கிட்னி குடுக்கத் தடை இல்லேன்னு பெங்களூர்லேருந்து உத்தரவும் வந்தாச்சு" என்றார்.

பக்கீரப்பா தரையில் விழுந்து கும்பிட்டான்.

"எந்திரி. இன்னொண்ணும் இருக்கு. அதிகாரிய அவமதிச்சவன் விதிப்படி அடங்காத கைதி. அடங்காத கைதிய ஆறு மாசத்துக்கு வாசலத் தாண்டிக் கூட்டிட்டுப் போகக் கூடாது. ஆஸ்பத்திரிக்கும் கூடாது."

"நீங்க சொல்லித்தான சாகேப் திட்டினேன்?"

"துராத்மா வரைக்கும் நான் சொன்னது. அதுக்கு மேல நீ மனசாரத் திட்டின. விதிக்காகத் திட்டறதுக்கும் மனசாரத் திட்டறதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதாப்பா? இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல என்ன யாரும் இப்படிப் பேசினதில்ல. எனக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கு."

"எங்கக்காவுக்கு ஆறு மாசம் தாங்காதுங்க!"

"அவங்களையும் கொஞ்சம் ஒத்துழைக்கச் சொல்லு. எல்லாத்தையும் டிபார்ட்மென்ட்டே பண்ண முடியுமா?"

நீலவ்வா ஒரு தடவைதான் அதற்குப் பிறகு வந்தாள். நிற்க முடியாமல் வலைக்கு அந்தப் பக்கம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இந்தப் பக்கம் அவனும் உட்கார்ந்தான். உட்காரக் கூடாது என்று த்யாமண்ணா சொல்ல வந்து, சொல்லாமல் திரும்பிக்கொண்டார். ரொட்டி கொண்டுவந்திருந்தாள். பக்கத்து வீட்டில் சுடச் சொல்லி வாங்கி வந்தது என்றாள்.

"சாகறதுக்கு எனக்கு ஒண்ணும் பயமில்ல பக்கீரா. வயசாச்சு, சீக்கு வந்துச்சு, செத்தாள்னா சரி. அதுவா இது? உன்கிட்ட இருக்கு, நீ குடுக்கறேங்கற, எனக்குப் பொருந்துது, டாக்டரு கத்தியத் தீட்டிக்கிட்டு நிக்கறாரு. அப்புறம் எதுக்குடா நான் சாகணும்? அத நெனச்சாத்தான் எனக்கு வயிறு எரியுது."

அவன் வலையில் விரலை விட்டான். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். விரல்கூட வீங்கியிருந்தது.

கார்த்திகையில் ஒரு காலை அவள் போய்விட்டாள். ஊரிலிருந்து சிறை அலுவலகத்துக்குப் போன் வந்தது. பக்கீரப்பாவைக் கூப்பிட்டுச் செய்தி சொல்லி, அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுது முடிப்பதற்குள் வாசலில் வேன் வந்து நின்றது. இரண்டு காவலர்கள் தொப்பியுடன் தயாராக நின்றார்கள். அங்கடியே வேன் வரைக்கும் கூட நடந்து வந்தார்.

"சாவுக்கு விதி இருக்குப்பா. ரத்த சொந்தம் செத்தா ஒரு நாள் போயிட்டு வரலாம். அடங்காத கைதியா இருந்தாலும் பரவாயில்ல. குழு வேணாம், பெங்களூர் வேணாம், நானே கையெழுத்துப் போடலாம். பாரு, டீசல்கூடப் போட்டு வச்சாச்சு. நம்ம டிபார்ட்மென்ட் மெதுவுன்னு இனிமே எவனாவது சொல்லட்டும், பாக்கறேன்."

பக்கீரப்பா அவரைப் பார்த்தான். திட்டுவதற்கு நிறைய இருந்தது. வேனில் ஏறினான். வழியில் ஜில்லா ஆஸ்பத்திரி வந்தது. வேன் நிற்கவில்லை.

ஊரில் நீலவ்வாவை அவர்கள் குல வழக்கப்படி வீட்டு வாசலில் சுவரில் சாய்த்து உட்கார வைத்து, நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தார்கள். பஜனைக்காரர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். மாமன் மகன் ஒருவன் பக்கீரப்பாவைக் கட்டிக்கொள்ள வந்து, காவலரைப் பார்த்துப் பின்வாங்கினான். தப்பி ஓடிவிடக் கூடாது என்று ஒரு காவலர் பக்கீரப்பாவின் இடது கையைக் கோத்துப் பிடித்திருந்தார். குழிக்குள் அவளை உட்கார வைத்து வில்வமும் விபூதியும் போட்ட பிறகு, மண் தள்ள அவனைக் கூப்பிட்டார்கள். இரண்டு கையாலும் அள்ளிப் போட வேண்டும் என்றார் சடங்கு செய்துவைத்த அய்யனவர்.

"கைய விட எனக்கு உத்தரவில்லப்பா" என்று காதோரம் சொன்னார் காவலர். சின்ன வயசு, கலங்கிய கண். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீ ஒரு கை போடு. நான் ஒரு கை போடறேன்" என்றார். அப்படித்தான் போட்டார்கள். பக்கீரப்பா வலது கையாலும் காவலர் தன் இடது கையாலும் அள்ளினார்கள். நீலவ்வாவின் மேல் பாதி மண் தம்பியுடையது, பாதி சர்க்காருடையது.

சாயங்காலம் வேன் திரும்பிச் சிறை வாசலுக்கு வந்தது. பதாகையைக் கழற்றியிருந்தார்கள். வெளியே போய் வருகிறவர்களைச் சோதிக்காமல் உள்ளே விட மாட்டார்கள். த்யாமண்ணா அவன் சட்டைப் பையைத் தடவினார். வேட்டி மடிப்பை உதறச் சொன்னார். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். நகக்கண்ணில் மண் இருந்தது. அதை அவர் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் விதிப்படி கேட்க வேண்டியதைக் கேட்டுத்தானே ஆக வேண்டும்.

"வெளியிலேருந்து உள்ள ஏதாவது கொண்டுபோறியா?"

"ரெண்டு கிட்னி இருக்குங்க" என்றான் பக்கீரப்பா.

த்யாமண்ணா டார்ச்சை அணைத்தார். கதவின் தாழ்ப்பாளைத் தூக்கினார்.

"அதுக்குத் தடை இல்ல" என்றார். "போ."